தெப்பக்குளத்து ராணியின் கடைசிப் பக்கம்

1987ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொரு மணிக்கு வேலம்மாவை நான் முதன்முதலாகச் சந்தித்தேன். மலைநகரமான பிரிஞ்சாங்கிற்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் தமிழ்ப்பள்ளிக்கு நான் மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஆசிரியர் குடியிருப்பின் கதவைத் தட்டிய அந்தப் பெண்மணி, துண்டில் சுற்றிய ஏதோ ஒன்றை மார்போடு அணைத்தபடி நின்றார். தோட்டத்துத் தொழிற்சாலையில் தேயிலைத் தூளைத் தரம் பிரிக்கும் பகுதியில் வேலை செய்வதாகச் சொல்லிவிட்டுத் துண்டை விலக்கினார். உள்ளே கண்ணாடிபோல் மின்னும் பெரிய வட்டு ஒன்று இருந்தது. ஈப்போவில் ஒரு கடையின் காட்சிப் பெட்டியில் மட்டுமே நான் பார்த்திருந்த பொருள் அது. முழுப் படத்தையும் ஒளிக்கதிரால் படித்துத் தொலைக்காட்சியில் காட்டும் டிஸ்க்.

இதை எந்தக் கருவியில் போட்டுப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். அப்படி எதுவும் தம்மிடம் இல்லை என்றார்.

"பெட்டி பொறகு வரும் சார். இத இப்ப விட்டா கெடைக்காதுலா. மேல கோடு ஏதும் விழுந்திருக்கான்னு வெளிச்சத்துல கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. எங் கண்ணுக்குக் கிட்டத்துல தெரிய மாட்டேங்குது."

வட்டைச் சன்னல் ஒளியில் சாய்த்துப் பார்த்துக் கோடில்லை என்றேன். அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மறுவாரம், தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்றான அவருடைய லயன் வீட்டுக்குச் சென்றபோது அதைவிடப் பெரிய திகைப்பு காத்திருந்தது. கட்டிலுக்கடியிலிருந்து ஈயத்தாள் ஒட்டிய தேயிலைப் பெட்டியொன்றை இழுத்துத் திறந்தார். அட்டை உறையோடு டிஸ்குகள் வரிசையாக நின்றிருந்தன. எல்லாம் பழைய தமிழ்ப் படங்கள். ஒரு டிஸ்கைக்கூட அவர் ஓட்டிப் பார்த்ததில்லை. இந்த மலையில் துணி, செருப்பு, பாடநூல் எதுவும் பூசணத்துக்குத் தப்பாது. தூள் நமுத்துப் போகாமல் காக்கும் பெட்டி இதையும் காக்கும் என்று அவர் கணக்கிட்டிருந்தார். கணக்குப் பிழைக்கவில்லை.

இந்தப் பித்து பிரிஞ்சாங்கில் தொடங்கியது. விடுமுறை நாள்களில் அவர் அங்கே ஒரு விடுதியைக் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போவதுண்டு. பாடிக் களிப்பதற்கென்று அங்கிருந்த கூடத்தில், யாரோ ஒரு விருந்தினர் கொண்டுவந்த பழைய படத்தின் டிஸ்க் ஒருநாள் ஓடிக்கொண்டிருந்தது. சிங்கப்பூரில் ஒரு நிறுவனம் பழைய படங்களின் மூலச்சுருள்களைத் தேடியெடுத்து, கீறலும் கறையும் நீக்கி, விடுபட்ட துண்டுகளைச் சேர்த்து டிஸ்காக வெளியிட்டு வந்தது. துடைப்பத்தோடு நின்ற வேலம்மா நாயகியின் மூக்குத்தியில் கற்களைக் கண்டார். பல ஆண்டுகளாகப் பார்த்த அதே முகத்தில் அப்படியொரு மூக்குத்தி இருந்ததே அதுவரை அவருக்குத் தெரியாது. இத்தனை காலமும் பனிக்குள்ளே படம் பார்த்திருக்கிறோம் என்று தோன்றியதாக என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து வாங்கத் தொடங்கினார். கோலா தெர்லாவிலிருந்து சிங்கப்பூருக்கு முட்டைக்கோஸ் ஏற்றிச் செல்லும் லாரியின் ஓட்டுநர் குணாளன், திரும்பும்போது காலிக் கூடைகளுக்கிடையில் டிஸ்குகளை வைத்துக் கொண்டுவருவான். நான் வந்ததற்கு அடுத்த ஆண்டு அந்த விடுதி தன் கூடத்தை மூடியபோது, பழைய கருவியை அவர் சீட்டுப் பணத்தில் வாங்கிக்கொண்டார்.

லயன் வீடுகளுக்குப் பொழுது சாய்ந்த பின்புதான் மின்சாரம் வரும். பள்ளிக்கோ பகலிலும் உண்டு. கல்வி ஒளிபரப்புக்காக அரசு தந்த தொலைக்காட்சிப் பெட்டியும் உண்டு. ஆகவே, தலைமையாசிரியரின் இசைவோடு ஞாயிறுதோறும் பிற்பகலில் பள்ளி மண்டபத்தில் வேலம்மாவின் படம் ஓடியது. படம் தொடங்கும்போது அவர் எழுந்து நின்று ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "இதுல எதுவும் வெட்டுப்படல, எதுவும் கூட்டல." அதைச் சொல்லும்போது மட்டும் அவருடைய குரலில் பெருமை தெரியும்.

கணவர் அவருடன் இல்லை. மகள் ருக்குமணி மட்டும் உண்டு. பிரிஞ்சாங் சந்தையில் ஒரு பூக்கடையில் அவள் வேலை செய்தாள். லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த செல்வராஜு அங்கே அவளைப் பார்த்துப் பிடித்துப்போய் வீட்டில் சொன்னான். அவனுடைய தாய் பாஞ்சாலை, சகுனத்தில் அழுத்தமான நம்பிக்கை உள்ளவர். முன்பொரு முறை பெண் பார்க்கப் போகும் வழியில் வேன் சக்கரத்தில் காற்று இறங்கியதற்காக, அந்தச் சம்பந்தத்தையே வேண்டாமென்று திரும்பியவர். அப்படிப்பட்டவர் ருக்குமணிக்குச் சம்மதித்ததே பெரிய காரியம் என்று ஊர் பேசியது. பரிசம் 1989 தை மாதத்து ஞாயிறு ஒன்றில் என்று முடிவாயிற்று.

அந்தத் தோட்டத்தில் பரிசம் போடுவதற்கு ஒரு முறை இருந்தது. வேறெந்தத் தோட்டத்திலும் அதை நான் கண்டதில்லை. இரு வீட்டாரும் கூடியபின் 'தெப்பக்குளத்து ராணி' என்னும் பழைய படத்தைத் திரையிடுவார்கள். படத்தின் முடிவில் நாயகன் ராணிக்குத் தாலி கட்டும்போது, திரையில் கெட்டிமேளம் முழங்கும் அதே கணத்தில், கீழே வெற்றிலைத் தாம்பாளம் கைமாறும். 'சுபம்' என்ற எழுத்து தோன்றுவதற்குள் மாறிவிட வேண்டும். எத்தனையோ ஆண்டுகளாக அங்கே உறுதியான திருமணங்கள் எல்லாம் அந்தத் தாலியின் முன்னால் உறுதியானவையே.

அந்தப் படச்சுருள் நல்லுசாமிக்குச் சொந்தமானது. ஒரு காலத்தில் வேனில் ஒளிக்கருவியை ஏற்றிக்கொண்டு தோட்டந்தோட்டமாகப் படம் காட்டியவர் அவர். தொலைக்காட்சி வந்து அத்தொழில் நொடித்துப்போன பிறகு, இங்கேயே தங்கித் தொழிற்சாலைக் காவலாளியானார். பரிசம் என்றால் முதல் மாலை அவருக்கு. வேட்டியும் துண்டும் அவருக்கு. ஆனால், அவருடைய சுருள் தேய்ந்து கிழடாகிவிட்டது. ராணியின் முகத்தில் இடைவிடாமல் மழை பெய்யும். பேச்சில் பாதி கரகரப்பில் கரைந்துவிடும்.

தம் மகளின் பரிசத்துக்கு மழையில்லாத ராணி வேண்டும் என்று வேலம்மா ஆசைப்பட்டார். அந்தப் படமும் டிஸ்காக வந்துவிட்டதென்று அறிந்ததும் குணாளனை நச்சரித்தார். நல்லுசாமியிடமும் முறையாகப் போய்க் கேட்டார். எம் படமே இருக்கையில் அது எதுக்குத் தங்கச்சி என்று அவர் இரண்டொரு முறை மறுத்துப் பார்த்தார். பிறகு பேசாமல் இருந்துவிட்டார். தொழிற்காரரின் ரோசம் என்று வேலம்மா எடுத்துக்கொண்டு, மாலையும் முதல் நாற்காலியும் அவருக்கே என்று வாக்களித்தார்.

மலைக்கு ஏறிவரும் தாப்பா சாலையில் மண் சரிந்ததால் லாரி தாமதமாகி, டிஸ்க் பரிசத்துக்கு முதல்நாள்தான் வந்து சேர்ந்தது. இரண்டு டிஸ்க், ஒவ்வொன்றிலும் இரு பக்கம். ஒரு பக்கம் முடிந்ததும் எழுந்து திருப்பிப் போட வேண்டும். ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாமே என்றேன். சம்பந்தி வீட்டார் கண்ணுக்குத்தான் முதலில் படவேண்டும் என்று சொல்லி உறையைப் பிரிக்க மறுத்துவிட்டார்.

மண்டபம் நிறைந்திருந்தது. பாஞ்சாலை தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்தார். நல்லுசாமி மாலையோடு முதல் நாற்காலியில் இருந்தார். வேலம்மா தம் வழக்கமான வாக்கியத்தைச் சொல்லி, முதல் பக்கத்தை ஓடவிட்டார். மண்டபமே வாய் பிளந்தது. ராணியின் சேலைக் கரையில் அன்னங்கள் இருந்தன. தெப்பக்குளத்துத் தண்ணீரில் கோபுரம் தெரிந்தது. யாரோ ஒருவர், இத்தனை நாளும் அந்தக் குளத்தைத் தாம் கட்டாந்தரை என்று நினைத்திருந்ததாகச் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டாம் பக்கம் பாதி ஓடியபோது முதல் அதிர்ச்சி வந்தது. கெட்டிமேளம் கேட்டது. நாயகன் தாலியோடு குனிந்தான். படம் பாதிகூட முடியவில்லை. மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. பாஞ்சாலை பதறிப்போய்த் தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு பாதி எழுந்தார்.

"வேலம்மாக்கா, டிஸ்க்க மாத்திப் போட்டுட்டியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அவசரத்துல மொத ராத்திரியையும் காட்டிறப் போவுது" என்று இன்னொரு குரல் கேலி செய்தது.

வேலம்மா உறையிலிருந்த எண்ணைச் சரிபார்த்தார். வரிசை சரியாகவே இருந்தது. நிமிர்ந்து பார்த்தபோது திரையில் தாலி கட்டி முடிந்திருந்தது. உடனே ராணி ஊஞ்சலில் திடுக்கிட்டு விழித்தாள். கண்டது கனவு. தோழிகள் அவளைக் கிண்டல் செய்தார்கள். அந்த ஊஞ்சலை அந்தத் தோட்டத்தில் ஒருவரும் அதற்கு முன்பு பார்த்ததில்லை. உண்மையான கல்யாணம் கடைசியில் வரும் என்று ஒரு பெரியவர் சொல்ல, பாஞ்சாலை தயக்கத்தோடு உட்கார்ந்தார்.

மூன்றாம் பக்கம் ஓடி முடிந்தது. நான்காம் பக்கத்துக்காக வேலம்மா டிஸ்கைத் திருப்பிப் போட்டார். கல்யாணம் வரவில்லை. பொய்ப் பழி சுமந்த ராணி, மணநாள் விடியலில் மாலையும் கழுத்துமாகத் தெப்பக்குளத்துப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கினாள். தண்ணீர் அவளுடைய முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. படம் அத்தனை தெளிவாக இருந்ததால், மாலையிலிருந்து ஒரு பூ பிரிந்து மிதந்து போனதுகூடத் தெரிந்தது. பிறகு குளம் மட்டும் இருந்தது. 'முற்றும்' என்ற சொல் வந்து நின்றது.

மணமகளுக்குரிய சேலையில் சுவரோரம் நின்ற ருக்குமணியை யாரும் திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. பாஞ்சாலை தாம்பாளத்தின் மேல் துணியை இழுத்து மூடினார். அந்த ஒரு செயலில் எல்லாம் முடிந்துவிட்டதாகவே நான் எண்ணினேன். செல்வராஜு தாயின் அருகே குனிந்து ஏதோ சொன்னான். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

அதன் பின்புதான் பேச்சு வெடித்தது. சிங்கப்பூர்க்காரன் கதையை மாற்றிவிட்டான் என்றார் ஒருவர். கழுவுகிறேன் என்று சொல்லிக் கல்யாணத்தையே கழுவிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். நூறு தடவை பார்த்த படத்தின் முடிவு தங்களுக்குத் தெரியாதா என்று பெண்கள் கேட்டார்கள். தாங்கள் பார்த்ததே மாற்றப்பட்ட படமாக இருக்கலாம் என்ற ஐயம் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் எழவில்லை. வேலம்மாவுக்கு எழுந்தது. அவர் திரும்பி நல்லுசாமியைப் பார்த்தார். நல்லுசாமியின் முகம் மாலையை நோக்கிக் கவிழ்ந்திருந்தது. அதைக் கண்ட கணத்தில் வேலம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவருடைய கண்கள் அப்படி விரிந்து நான் அதற்கு முன்பும் பின்பும் பார்த்ததில்லை.

"நல்லுசாமியண்ணன் இங்கதான இருக்காரு, அவரக் கேளுங்க. அவரு படத்துல இப்படி இருக்குதா?" என்று ஒருவர் கேட்டார்.

எல்லாத் தலைகளும் முதல் நாற்காலியின் பக்கம் திரும்பின. நல்லுசாமியின் உதடு அசைந்தது, ஒலி வரவில்லை.

"அவர எதுக்குக் கேக்குறீங்க?" என்றார் வேலம்மா. "டிஸ்க்குதான் கோளாறு. நாந்தான் பாக்காம வாங்கிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சற்று முன்பு அதே இடத்தில் நின்று, எதுவும் வெட்டுப்படவில்லை, எதுவும் கூட்டவில்லை என்று சொன்னவர் அவர். அந்த ஒரு சொல்லுக்காகவே ஆண்டுக்கணக்கில் பெட்டி நிறையச் சேர்த்தவர். அதைத் தம் வாயாலேயே பொய்யாக்கினார்.

ஆனால், பாஞ்சாலைக்கு அது போதவில்லை. கோளாறோ கோளாறில்லையோ, பரிசத்தன்று கண்ணால் பார்த்தாகிவிட்டது; தண்ணீருக்குள் போன பெண்ணை நினைத்துக்கொண்டு எப்படித் தாம்பாளத்தை நீட்டுவது என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, அச்சம்தான் இருந்தது. எழுந்து நின்று மகனின் கையைப் பிடித்தார்.

வேலம்மா அவருக்கு எதிரே போய் நின்றார்.

"போறதுன்னா போங்க சம்பந்தியம்மா. நான் சொல்றதக் கேட்டுட்டுப் போங்க. எனக்குப் பரிசம் போட்டப்பவும் இதே படந்தான் ஓடுச்சு. தாலி கட்டுற எடத்துல கரெக்டாத் தாம்பாளம் மாறுச்சு. கை தட்டுன சத்தம் பேக்டரி வரைக்கும் கேட்டுச்சாம். இந்தப் புள்ள பொறந்து மூணு மாசத்துல, பெர்மிட்டு இல்லேன்னு எம் புருசன் கப்பலேறிப் போனாரு. போனவருதான். படம் நல்லா முடிஞ்சு நான் என்னத்தக் கண்டேன்?"

கணவரைப் பற்றி அவர் அதுவரை எவரிடமும் பேசியதில்லை. அறுபத்தொன்பதாம் ஆண்டுக்குப் பிறகு குடியுரிமையில்லாமல், வேலை அனுமதியும் கிடைக்காமல், நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறியவர்கள் ஒவ்வொரு லயனிலும் உண்டு. அவர்களைப் பற்றிப் பேசாமலிருப்பது ஊர்வழக்கம்.

பாஞ்சாலை மகனின் கையை விட்டார்.

"கடுதாசி போடலியா?" என்று கேட்டார்.

"ரெண்டு வந்துச்சு."

"எங்கண்ணன் ஒண்ணுகூடப் போடல" என்றார் பாஞ்சாலை. அவர் மீண்டும் அமர்ந்தார். மடியிலிருந்த தாம்பாளத்தைச் சற்றுப் பார்த்துவிட்டு, மேலிருந்த துணியைத் தாமே எடுத்தார். "வாங்க. உங்க தாம்பாளத்தக் கொண்டாங்க."

கெட்டிமேளம் இல்லாமல், அணைந்த திரைக்கு முன்னால், அன்று பரிசம் மாறியது.

மறுநாள் மாலை, பள்ளியில் கிடந்த கருவியைத் தூக்கிக்கொண்டு வேலம்மாவின் வீட்டுக்குப் போனேன். வாசற்படியில் நல்லுசாமி உட்கார்ந்திருந்தார். நான் வந்ததைப் பார்த்தும் அவர் பேச்சை நிறுத்தவில்லை. அவர் இளம் வயதில் அந்தப் படத்தின் சுருள்களை வாங்கி இம்மலைக்குக் கொண்டுவந்த முதல் மழைக்காலத்திலேயே கடைசிச் சுருள் பூசணம் பிடித்துப் பிசுபிசுத்துப் போயிற்று. படம் காட்டுவதாகச் சொல்லியாகிவிட்டது. திடலில் கூட்டமும் சேர்ந்துவிட்டது. கனவுக் கல்யாணத்தை நடுவிலிருந்து வெட்டியெடுத்து, ராணி ஊஞ்சலில் விழிப்பதை நீக்கிவிட்டு, இறுதியில் ஒட்டினார். வேறொரு படத்தின் 'சுபம்' என்ற எழுத்தை அதற்குப்பின் சேர்த்தார். பினாங்கிலிருந்து நல்ல சுருள் வரும்வரை ஒரே ஒருமுறை என்றுதான் நினைத்தார். ஆனால், அன்று எழுந்த கைதட்டலை அவர் தம் தொழிலில் அதற்கு முன்பு கேட்டதில்லை. அடுத்த மாதமே ஒரு பரிசத்துக்கு அதே படத்தைக் கேட்டு வந்துவிட்டார்கள். அதன் பிறகு உண்மையைச் சொல்ல ஒரு நாளும் வாய்க்கவில்லை.

"நேத்து நான் எந்திரிச்சுச் சொல்லியிருக்கணும் தங்கச்சி. வாய் வரல" என்றார். "ஒரு வார்த்த சொல்லு. கோயில் சபையில நின்னு சொல்லிப்புடறேன், உன் டிஸ்க்குல கோளாறு இல்ல, பொய்யி என்னோடதுன்னு. இது எந்தலையில இருக்கிற கடன்."

வேலம்மா டிஸ்கைத் துணியால் துடைத்து உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"வேணுங்கிறப்ப கேக்குறேன்ணே. டீ ஆறுது, குடிங்க."

அவர் போனபின், அப்போதே கேட்டிருக்கலாமே என்றேன். வேலம்மா என்னைப் புரியாதவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அந்த மண்டபத்துல இருந்த பொம்பளைங்க பூராப் பேருக்கும் அந்தப் படத்த வெச்சுத்தான் சார் பரிசம் நடந்துச்சு. அது கனவுன்னு இப்பப் போயிச் சொல்லவா?"

திருமணம் பங்குனிக்கு முன்பே நடந்து, ருக்குமணி லெம்பா பெர்த்தாமுக்குப் போனாள். வேலம்மாவின் படங்களுக்கு அதன் பிறகு ஆள் வரவில்லை. முதல் ஞாயிறு சிலர் வந்தார்கள். முடிவு மாறியிருக்குமோ என்று ஒவ்வொரு காட்சியிலும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அடுத்த ஞாயிறு நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். எழுந்து நின்று சொல்லும் வாக்கியத்தை அவர் சொல்லவில்லை. சிறுவர்களும் அவற்றைக் கோளாறு டிஸ்க் என்றே அழைத்தார்கள். பரிசங்களுக்கு நல்லுசாமியின் சுருள் மீண்டும் ஓடியது. கெட்டிமேளம் முழங்கும்போது நல்லுசாமி மாலையோடு திரும்பி, கடைசி வரிசையில் நிற்கும் வேலம்மாவைப் பார்ப்பார். அவர் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டிக்கொண்டிருப்பார்.

ஆனால், டிஸ்க் வாங்குவதை அவர் நிறுத்தவில்லை. குணாளனின் லாரி வந்துகொண்டுதான் இருந்தது. பொழுது சாய்ந்து மின்சாரம் வந்தபின், பழைய தொலைக்காட்சி ஒன்றில் தம் வீட்டிலேயே தனியாகப் போட்டுப் பார்ப்பார்.

அவ்வாண்டு ஐப்பசி மழையில் நல்லுசாமி நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார். வேலம்மா அடிக்கடி கஞ்சி கொண்டுபோனார். ஒருநாள் நானும் உடன் சென்றேன். இன்னும் கேட்கவில்லையே என்று நல்லுசாமி திணறிக்கொண்டே சொன்னார். ருக்குமணிக்கு இது நான்காம் மாதம் என்று வேலம்மா சொன்னார். அவர் மறுபடியும் அதையே சொன்னார். அவருடைய தலையணையைச் சரிசெய்துவிட்டு, மழை விட்டதும் வருவதாகச் சொல்லி வேலம்மா எழுந்தார்.

அந்த வாரமே நல்லுசாமி இறந்தார். டிசம்பரில் எனக்கு மாற்றல் வந்தது. வேலம்மா தமக்கு வரவேண்டிய அந்தக் கடனைக் கடைசிவரை கேட்கவில்லை.